அழுக்குப் பக்கத்து வினைச்சொற்கள்

எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். சலவைக்கூடத்து மேலாளர் அம்மாவுக்கே அக்காவைவிட வயது கூடுதல். அவளும் கதவிடுக்கில் தலையை நீட்டி, "அக்கா, ஒரு நிமிஷம்" என்பாள். வீட்டில் மகளுக்கு அம்மா, கணவனுக்கு "இங்க பாரு." சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கியிருந்தது. அதையும் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

அன்றைக்கு மேலாளர் அம்மா கூப்பிட்டது கையைப் பார்க்க.

"நீட்டுங்க."

அக்கா நீட்டினாள். விரலிடுக்குகள் வெடித்திருந்தன. உள்ளங்கையின் ஓரங்கள் தண்ணீரில் ஊறிக் கிடந்த சோப்புக்கட்டி மாதிரி உரிந்து வந்தன. கையுறை போட்டால் உள்ளே வியர்வை, கழற்றினால் வெளியே மருந்துத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் தோல் என்னதான் செய்யும்.

"டாக்டர் சொல்லிட்டார். இந்தக் கைய வெச்சுக்கிட்டு உங்கள அழுக்குப் பக்கம் நிறுத்த முடியாதுக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"சுத்தப் பக்கம் போட்டு விடுங்கம்மா."

"அங்க ஒரே ஒரு இடந்தான் காலியாகுது. ஃபோன் இடம், வார்டுல இருந்து துணி கேட்டு வர்ற ஃபோன எடுக்கணும்." மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அதுக்கு இங்கிலீஷ் வேணும்."

அக்கா நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள்.

"வார்டு பூரா நாலு பாஷைக்காரங்க. யாரு பேசுறது யாருக்குப் புரியுது? அதான் ஃபோன்ல இங்கிலீஷ்தான்னு மேல சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர்ல பேச்சுப் பரீட்சை ஒண்ணு வெப்பாங்க. தேறிட்டா இடம் உங்களுக்கு. இல்லாட்டி…" அவள் வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "மழைக்காலம் முடியறவரைக்கும் இழுத்துப் பிடிக்கறேன். கத்துக்கங்க."

வெளியே வந்த அக்காவுக்குப் புரிந்தது ஒன்றுதான். இங்கிலீஷ் வந்தால் வேலை. வராவிட்டால் வீடு. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பிக் கல்லூரிக்குப் போகும் மகள்.

மருத்துவமனையின் பின்புறம், சமையல்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது சலவைக்கூடம். அதன் குறுக்கே தரையிலிருந்து கூரைவரை ஒரு சுவர். இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒரு கதவு, பின்னே ஒரு கதவு. இந்தப் பக்கக் கதவில் அழுக்குத் துணியைத் திணிப்பார்கள். துவைத்து முடிந்ததும் அந்தப் பக்கக் கதவு மட்டுமே திறக்கும். ரத்தமும் சீழும் பட்ட துணி, சுத்தமான துணியின் முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஏற்பாடு. ஆட்களுக்கும் அதே சட்டம்தான். அழுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் குளித்து உடை மாற்றாமல் சுத்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. அதனால் அந்தப் பக்கத்துப் பெண்களை அக்கா சுவரில் இருந்த சாப்பாட்டுத் தட்டு அளவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் அவர்களில் ஒருத்தியைக் கண்டபோது, கழுத்துக்குக் கீழே இவ்வளவு உயரமா என்று வாயைப் பிளந்துவிட்டாள்.

இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. எல்லார் தலையிலும் காதுமூடி. இரண்டு கிண்ணங்களை ஒரு வளைவில் கோத்த மாதிரி இருக்கும். அதை மாட்டிய பிறகு பேச்சு எதற்கு? வாயைப் பெரிதாக அசைப்பார்கள், குரல் வராது. மிச்சத்தைக் கை சொல்லும். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால், போன சுற்றில் போட்டது. சுட்டுவிரலைச் சுழற்றினால், ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையை முன்னால் தள்ளினால், இனிமேல் போடப்போவது. இரண்டு கைகளையும் தூசு தட்டுவதுபோல் தட்டிக்கொண்டால், ஆயிற்று, இனி உன் பாடு. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இந்தப் பாஷைதான். அக்காவுக்கு இது ஊறிப்போயிருந்தது. குளித்துவிட்டுத் துண்டைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டால்கூட அவள் குரல் தானாக இறங்கிவிடும். "என்ன, ஊமைப்படம் ஓட்டுற?" என்பான் கணவன்.

அவளோடு அழுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். காதுமூடி போட்டாலும் அவள் மட்டும் குரல் விட்டே பேசுவாள், நாள் முழுக்க. கேட்க ஆள் இருக்கிறதா என்ற கவலை ரேடியோவுக்கு ஏது.

"இங்கிலீஷா?" தேநீர் நேரத்தில் விஷயத்தைக் கேட்டதும் ரேடியோ குலுங்கிச் சிரித்தாள். "நமக்கு எதுக்குக்கா அது? போர்வைக்குள்ள இருந்து நேத்து பல்செட் வந்துச்சே, அதை எடுத்து மாட்டிக்கிட்டாத்தான் அந்த பாஷை வரும்."

"சிரிக்காதடி. பொழப்பு போயிடும் போல இருக்கு."

ரேடியோ சிரிப்பை நிறுத்தினாள். பிறகு அக்காவின் தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். அந்தக் கையில் சோப்புத் தண்ணீர் பட வேண்டாம் என்று.

டயர் கடைக்கு மேலே இருந்தது வகுப்பு. படி ஏறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறி வரும். மாஸ்டர் சின்ன வயசுக்காரர். காலையில் பார்சல் அலுவலகம், மாலையில் வகுப்பு. கொட்டாவி விடும்போது சாக்பீஸ் பிடித்த கையால் வாயை மூடுவதால் மீசையில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். யார் பெயரையும் அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வாட்ச்மேன் அண்ணே, பில் தங்கச்சி, வெல்டர் தம்பி, லாண்டரி அக்கா. இங்கேயும் அக்காதான்.

முதல் நாளே மாஸ்டர் பலகையில் குறுக்காக ஒரு கோடு போட்டார். நடுவில் ஒரு குச்சி மனிதனை நிறுத்தினார்.

"இவன் இப்ப இங்க நிக்கறான். இவனுக்கு இடது பக்கம் நடந்து முடிஞ்சது. வலது பக்கம் நடக்கப்போறது. இவன் எங்க இருந்து பேசறான்னு மட்டும் பாத்துக்கங்க. மத்ததெல்லாம் தானா வரும்."

அக்காவுக்குத் தானாக வரவில்லை. அவள் நிற்கும் இடத்தில் அழுக்கு மூட்டை வலது பக்கம் வந்து இறங்கும். துணி இடது பக்கமாகப் போய்ச் சுவருக்குள் நுழையும். துணி வந்த பக்கம்தான் நேற்று என்றால், அவளுடைய நேற்று வலது பக்கத்தில் இருந்தது. மாஸ்டரின் குச்சி மனிதனைத் திருப்பி நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. அதை எப்படிச் சொல்வது? பேசாமல் கழுத்தைத் திருப்பிப் பலகையைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டாள். மாஸ்டர் அவளுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து மின்விசிறியைக் குறைத்தார்.

"ஐ வாஷ். தினமும் துவைக்கறேன். ஐ வாஷ்ட். துவைச்சேன், முடிஞ்சுபோச்சு. ஐ ஆம் வாஷிங். இந்த நிமிஷம் கை ஈரமா இருக்கு. ஐ வில் வாஷ். இனிமேதான்."

எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். வெல்டர் தம்பி ஐ வெல்ட் என்று தனக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டான். வாட்ச்மேன் அண்ணன் கை தூக்கினார்.

"சார், பஸ்ஸ தூரத்துல பாத்ததுமே பஸ் வந்துடுச்சுன்னு சொல்றோமே, அது எந்தக் கணக்கு?"

"இங்கிலீஷ்ல பஸ் வந்து நிக்கணும்ண்ணே. அப்பத்தான் வந்துச்சு."

"அது வரைக்கும்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"வீட்டுக்காரி கூப்பிட்டா, இதோ வந்துட்டேன்னு படுத்துக்கிட்டே சொல்றேனே?"

"இங்கிலீஷ்ல அது பொய்."

"அப்ப இங்கிலீஷ்காரனுக்குக் குடும்பம் நடத்தவே தெரியலன்னு அர்த்தம்" என்றார் வாட்ச்மேன் அண்ணன். கொட்டாவிக்கு நடுவே மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாரையும்விட அக்காவைப் பாடாய்ப் படுத்தியது ஹாவ். ஐ ஹாவ் வாஷ்ட். துவைத்தேன் என்பதற்குத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இது எதற்கு உபரியாக? வாரக்கணக்கில் அதிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மாலை மாஸ்டர் பொறுமையை இழந்து, "அக்கா, எப்ப துவைச்சீங்கன்னு யாரும் உங்களக் கேக்கல. துவைச்சாச்சு. துணி ரெடி. அவ்வளவுதான் சேதி. அதுக்குத்தான் ஹாவ்" என்றார்.

துவைச்சாச்சு. அக்காவின் இரண்டு கைகளும் தாமாக எழுந்து ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. ஐ ஹாவ் வாஷ்ட், என்றாள். சரியாக வந்தது. ஐ வாஷ்ட், கட்டைவிரல் தோளுக்குப் பின்னால் போனது. ஐ ஆம் வாஷிங், சுட்டுவிரல் சுழன்றது. ஐ வில் வாஷ். உள்ளங்கை முன்னே தள்ளியது. பில் தங்கச்சி அவளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாம் சரி. கையைக் கீழ போடுங்க" என்றார் மாஸ்டர். "பரீட்சைல கைய ஆட்டுனா மார்க் குறைச்சாலும் குறைப்பாங்க."

அவருக்கும் அது நிச்சயமாகத் தெரியாது. அக்கா கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். வாயிலிருந்து ஒரு வினைச்சொல்கூட வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மேசைக்கு அடியில் கைகள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

வகுப்பு முடிந்து வீடு சேரும்போது உடம்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது. கணவன் பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருப்பான். மகள் பாடப்புத்தகத்தை ஒருபக்கம் தள்ளி வைத்துவிட்டு அம்மாவுக்குக் கேள்வி போடுவாள்.

"எஸ்டர்டே வாட் டிட் யூ குக்?"

"ஐ குக்…" அக்கா அடுப்பைப் பார்த்தாள். "ஐ குக்ட் ரைஸ்."

"குட். டுமாரோ?"

"நாளைக்கும் அதான்டி. உங்கப்பா வேற என்ன வாங்கிட்டு வந்து கொட்டியிருக்காரு."

"அம்மா, இங்கிலீஷ்ல."

"ஐ வில் குக் ரைஸ். ஐ ஆம் குக்கிங் ரைஸ். ஐ ஹாவ் குக்ட் ரைஸ். போதுமா? பாத்திரத்தக் கொண்டா."

மகளுக்கு எரிச்சல் வரும். அம்மா ஒரு வாக்கியத்தைப் பிடிக்கிற நேரத்தில் அவள் ஒரு பக்கம் படித்துவிடுவாள். ஆனால் அம்மா தட்டை நீட்டும்போது அந்த விரல்கள் கண்ணில் படும். உடனே எரிச்சலை விழுங்கிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பாள்.

பரீட்சை அன்று அக்கா அரை நாள் விடுப்பு எடுத்தாள். தலைமை அலுவலகத்தில் ஒரு குளிர்ந்த அறை. தரையில் விரிப்பு, நடந்தால் கால் சத்தம் கேட்காது. வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே தடுப்பு. தேர்வு நடத்தும் பெண் தொலைவில் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அமைதியான இடத்தில் அக்கா இதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. தன் மூச்சே அந்நியர் மூச்சு போலக் கேட்டது.

"ஹெட்போன மாட்டிக்கங்க. கேள்வி அதுல வரும். மணி அடிச்சதும் பதில் சொல்லுங்க."

அக்கா மாட்டினாள். இரண்டு கிண்ணங்களும் காதைக் கவ்விக்கொண்டன. பழகின இறுக்கம். உடம்பு அந்த நிமிடமே நிதானத்துக்கு வந்துவிட்டது. தோள்கள் இறங்கின, மேசைக்கடியில் கைகள் தயாராயின.

வாட் டிட் யூ டூ எஸ்டர்டே, என்றது ஒரு குரல். மணி அடித்தது. அக்கா சொன்னாள். கட்டைவிரல் பின்னால் போனது, வாஷ்ட் என்ற சொல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. வாட் ஆர் யூ டூயிங் நவ். சொன்னாள். வாட் ஹாவ் யூ லேர்ன்ட் திஸ் இயர். உள்ளங்கைகள் தட்டிக்கொண்டன, ஐ ஹாவ் லேர்ன்ட் இங்கிலீஷ், ஐ ஹாவ் லேர்ன்ட் வித் மை டாட்டர். இவ்வளவு தடங்கல் இல்லாமல் ஒருநாளும் வந்ததில்லை. மாஸ்டர் பார்த்திருந்தால் கொட்டாவியை மறந்திருப்பார்.

தோளில் ஒரு கை விழுந்தது. தேர்வு நடத்தும் பெண். அக்கா காதுமூடியை இறக்கினாள்.

"ஏம்மா, ஏதாச்சும் கஷ்டமா? பேசவே மாட்டேங்கறீங்க?"

"பேசிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

அந்தப் பெண் திரையைக் காட்டினாள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம். குரல் பதிவாகவில்லை, பதிவாகவில்லை, பதிவாகவில்லை.

"நான் மைக் கெட்டுப்போச்சோன்னு பாத்தேன். மைக் நல்லாத்தான் இருக்கு. நீங்க வாய மட்டும் அசைச்சிட்டு இருந்தீங்க. சாமி கும்பிடறீங்கன்னு நினைச்சு கொஞ்ச நேரம் விட்டுட்டேன்."

அக்கா அந்தச் சிவப்புக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த கேள்விகளுக்குக் கத்தினாள். சலவைக்கூடத்துக் கத்தல். தடுப்புகளுக்கு மேலே தலைகள் எழும்பிப் பார்த்தன. கத்தலில் வாஷும் வாஷ்டும் ஒன்றாகக் கலந்துபோயின.

தேறவில்லை.

மேலாளர் அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பி, மேசைமேல் குனிந்து சிரித்தாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இங்க வேலை பாக்கிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு இருக்குன்னு நினைச்சுக்குவாங்க." இன்னொரு முறை உட்கார அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு முறைதான். அதற்குமேல் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள்.

"என்னை அனுப்பியிருக்கலாம்க்கா" என்றாள் ரேடியோ. "இங்கிலீஷ் வந்திருக்காது. ஆனா சத்தமாவது வந்திருக்கும்."

அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அன்று மாலை வகுப்புக்கும் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சரிந்தாள். இத்தனை மாதம் படி ஏறியது, ரப்பர் வாசனை, நாக்கு புண்ணாகும்வரை சொன்ன வாஷ், வாஷ்ட், எல்லாம் ஒரு சுவருக்குள் போட்டுக் கதவை மூடியாயிற்று. அந்தப் பக்கக் கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான்.

"அம்மா, எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் மகள். "பேசறப்ப சத்தம் வரலன்னு உனக்கே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? காதுதான் மூடியிருக்கே."

"உள்ள கேக்குமே."

"இத்தனை வருஷமா உள்ள கேட்டுக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும்டி. விட்டுட்டேன்."

மகள் தன் ஹெட்போனைக் கொண்டுவந்து அம்மாவின் தலையில் மாட்டினாள். கேள்வி கேட்டாள். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடி கேட்டாள். கத்தல் வந்தது, பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. ஒன்று ஊமைப்படம், இல்லை ஒலிபெருக்கி. நடுவில் ஒரு குரலை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் பாட்டுப் போட்டுப் பார்த்தாள், பாட்டில்லாமல் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்திக்குக் கோபத்தில், ஒருத்திக்கு அசதியில்.

கணவன் நாற்காலியிலிருந்து காலை இறக்கினான்.

"இங்க பாரு. என் பஸ்ல என்ஜின் ஓடுதா, நின்னுபோச்சான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறேன்னு நினைக்கற? அத்தனை கூட்டத்துச் சத்தத்துல காது எடுக்குமா? கால்ல தெரியும். பெடல்ல கால் இருக்கில்ல, அதுல ஒரு அதிர்வு."

"அதுக்கு?"

"தொண்டைல கைய வை."

அக்கா வைத்தாள். கரகரத்த விரல்களுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"இப்ப சொல்லு."

"ஐ வாஷ்ட் த ஷீட்ஸ்." விரல்களுக்கு அடியில் ஏதோ ஒன்று புறா மாதிரி குமுறியது. அக்கா கணவனைப் பார்த்தாள்.

"ஓடுதா?" என்றான் அவன்.

"ஓடுது."

"அதே வேகத்துல ஓட்டு. மிதிக்காத." அவன் காலை மறுபடி தூக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாம் முறை அதே குளிர்ந்த அறை, அதே பெண். அவள் அக்காவை அடையாளம் கண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா ஒரு கையைக் கழுத்தில் வைத்தாள், மற்றதை மேசைக்கடியில் விட்டாள். ஒற்றைக் கையால் தட்டிக்கொள்ள முடியாது. அதனால் ஹாவ் வரவேண்டிய இடங்களில் தொடையில் தட்டினாள். சில பதில்கள் நடுவழியில் நின்றுபோயின. ஒரு கேள்வி புரியவே இல்லை; அதற்கும் ஏதோ சொல்லி வைத்தாள். ஆனால் ஒரு கட்டம்கூடச் சிவப்பாகவில்லை. வெளியே வந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு முழு நாள் மூட்டை தூக்கியதைவிட உடம்பு வலித்தது.

மயிரிழையில் தேறினாள். மேலாளர் அம்மா சொன்னபோது அக்காவுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. சரிம்மா, என்றாள். எங்கேயாவது ஒரு ஓரமாக உட்காரவேண்டும்போல் இருந்தது.

குளித்து, வெளிர்நிற உடுப்பு மாற்றி, முதன்முறையாகச் சுத்தப் பக்கம் நுழைந்தாள். சுத்தம் என்றால் குளிர்ச்சி என்று ஏனோ நினைத்து வைத்திருந்தாள். உலையாகக் கொதித்தது. ஆள் உயர இஸ்திரி உருளைகள் நீராவியைக் கக்கிக்கொண்டிருந்தன. பெண்கள் மடித்த துணியை அடுக்கியபடி அவளுக்குத் தலையாட்டினார்கள். எல்லாரும் கழுத்துக்குக் கீழேயும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். ஃபோன் சுவரில், அந்தச் சின்னக் கண்ணாடியை ஒட்டி மாட்டியிருந்தது. உட்கார நாற்காலி இல்லை.

ஃபோனுக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. அழைப்பு.

அக்கா காதுமூடியை ஒரு பக்கம் ஒதுக்கி, ஃபோனைக் காதில் அழுத்தினாள். மற்ற கை தொண்டைக்குப் போனது.

"லாண்டரி. குட் மார்னிங்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். சின்ன வயசு. "ஹலோ… ஃபோர்த் ஃப்ளோர். ஷீட்ஸ்… ஷீட்ஸ் கம்…" குரல் நின்றது. "கேம்? நோ. ஷீட்ஸ் ஆர்…" மறுபடி நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

அந்த மூச்சை அக்காவுக்குத் தெரியும். டயர் கடைக்கு மேலே, பலகையில் நின்ற குச்சி மனிதனுக்கு முன்னால், தொடைக்கடியில் கைகளை நசுக்கிக்கொண்டு அவள் விட்ட மூச்சு அது. அந்தப் பெண் எந்த பாஷையில் பிறந்தவளோ. நாலாவது மாடியில், ஏதோ ஒரு வெறும் மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருமா, வந்ததா, வந்துகொண்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள். காத்திருக்கையில், அவளை அறியாமலேயே தொண்டையிலிருந்து இறங்கிய கை சுட்டுவிரலைச் சுழற்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். விரலைப் பார்த்தாள். தன்னைத்தான் கேட்கிறாள், சற்றுமுன் போட்ட நாலாவது மாடி மூட்டை இன்னும் ஓடுகிறதா என்று, என நினைத்துக்கொண்டு, என்னமோ சளசளவென்று பேசியபடியே இரண்டு கைகளையும் தட்டினாள். ஆயிற்று. பிறகு அக்காவின் பக்கத்து இயந்திரத்தைச் சுட்டி, உன் பக்கக் கதவைத் திற என்று காட்டினாள். இயந்திரத்தின் விளக்கு பச்சையாகியிருந்தது.

அக்கா தொண்டையில் கையை வைத்தாள்.

"வீ ஹாவ் வாஷ்ட் த ஷீட்ஸ். ஐ ஆம் ஓப்பனிங் த டோர். வீ வில் ட்ரை, வீ வில் ஃபோல்ட். பிளீஸ் வெயிட்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு. "ஓகே. தேங்க் யூ, சிஸ்டர்."

ஃபோனை வைத்தாள். இங்கேயும் அக்காதான். கண்ணாடிக்குப் பின்னால் ரேடியோ புருவத்தைத் தூக்கி, என்ன ஆச்சு என்றாள். அக்கா சொல்ல வாயெடுப்பதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. மூன்றாவது மாடியாக இருக்கலாம், ஐந்தாவதாக இருக்கலாம். கால் மாற்றி நின்றுகொண்டாள். இடுப்பு வலித்தது. கதவைத் திறந்து ஈரத் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, ஈரம் படாத மறு கையால் ஃபோனை எடுத்தாள்.